ஒசாகாவில் தண்ணீர் படாத மீன்

செவ்வாய், பகல் 11.20

நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடிவரவு அறையை விட்டு நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, வேகமாகவும் நடக்கக் கூடாது. டமாஸ்கசிலும் இஸ்தான்புல்லிலும் வேறு சில இடங்களிலும் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒசாகா விமான நிலையத்தில் என்னை ஒரு மணி இருபது நிமிடம் வைத்திருந்தார்கள். கத்தவில்லை. சீனி போடாத பச்சைத் தேத்தண்ணி தந்தார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு, இத்தாலியில் இருப்பதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோ, ரோமில் குத்திய ஜப்பான் விசா மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து மூன்று பேர் மாறி மாறிப் படித்தார்கள். கடைசியாக வந்தவன் என்ன தொழில் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மீன் வெட்டுவது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் கைகளை நீட்டச் சொன்னான். இடது பெருவிரலில் இருக்கிற தழும்பைப் பார்த்தான். முத்திரை குத்திவிட்டு எழுந்து தலை குனிந்தான். நானும் குனிந்தேன். எந்த நாட்டு எல்லையிலும் ஓர் அதிகாரி எனக்குத் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே சிஞோர் சால்வோ தன் பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"கிருபா! என்ர சலாமி இறைச்சியைப் பறிச்சுப்போட்டாங்கள். உன்னை உள்ளுக்கு விட்டவங்கள், அதை விடேல்லை."

"உங்களை விட்டவங்கள்தானே, சிஞோர்."

"நான் என்னத்தைத் தின்னுறது இஞ்சை? பச்சை மீனையா?"

சால்வோ என் முதலாளி. பலெர்மோத் துறைமுகத்தில் அவருக்கு ஒரு மீன் கொட்டகை இருக்கிறது. சிசிலிக் கடலில் மே, ஜூன் மாதங்களில் பிடிபடுகிற பெரிய சூரை மீன்கள் அங்கே வரும். ஒவ்வொன்றும் நூற்றைம்பது, இருநூறு கிலோ. வயிற்றைக் கீறிக் குடல் எடுத்துச் சுத்தம் செய்வது நான். அதை ஐஸ் போட்டு நீளப் பெட்டியில் அடைப்பது பேசாலை அன்ரன். பலெர்மோவின் ஒரேத்தோத் தெருவில் நானும் அவனும் ஒரே அறையில் இருக்கிறோம். பெட்டி ரோம் வழியாக விமானத்தில் ஒசாகாவுக்குப் போகும். நாலு வருடமாகப் போகிறது. ஆனால் இந்த வருடம் வாங்குகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. வயிற்றுப் பக்கத்து மாமிசம் வெளிறி வருகிறது, விலை விழுகிறது, கத்தி பிடிக்கிற ஆளை அனுப்புங்கள், காரணம் தெரியாவிட்டால் இத்தோடு நிறுத்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கத்தி பிடிக்கிற ஆள் நான். என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் சால்வோவும் வந்தார்.

எனக்கும் ஒரு காரியம் இருந்தது. என் சட்டைப் பையில், பொலித்தீன் உறைக்குள், ஒரு கடதாசி. இன்னும் ஒரு வருடத்துக்கு எனக்கு வேலை தருவதாக சால்வோ கையெழுத்து வைக்க வேண்டிய கடதாசி. அது இருந்தால் கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம். புதுப்பித்தால், கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் காத்திருக்கிற மனைவி ராணியையும் மகளையும் கூப்பிடலாம். அவர்களைப் பார்த்து ஆறு வருடம். கடதாசியை நீட்டிய போதெல்லாம் சால்வோ ஒரே பதிலைத்தான் சொன்னார். "ஜப்பான்காரன் வாங்காட்டி உனக்கு என்ன வேலை தாறது? போட்டு வந்து பாப்பம்."

பகல் 12.30

இந்த விமான நிலையமே கடலுக்குள் இருக்கிறது. மண் கொட்டித் தீவு செய்து அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். கரைக்கு வரப் பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது. நகரத்தின் தெற்கு வாசலான நம்பாவுக்கு நாற்பத்து மூன்று கிலோமீட்டர், 890 யென், எங்கள் காசில் பதின்மூவாயிரம் லீரா. பலெர்மோவில் 1500 லீராவுக்கு நகர நடுவிலுள்ள வியா மக்வேதாத் தெருவிலிருந்து மொண்டெல்லோக் கடற்கரை வரைக்கும் பஸ்ஸில் போகலாம். ஆனால் அந்த பஸ் எப்போது வரும் என்று சாரதிக்கே தெரியாது. இந்த ரயில் 12.30 என்று பலகையில் போட்டிருந்தது. என் கைக்கடிகாரத்தில் 12.30 ஆன போது அது அசைந்தது. நான் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்த கிழவர் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

ஒரு தோடம்பழ லொறியின் குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்து இத்தாலிக்கு வந்தவன் நான். பயணம் என்றால் வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது என்றே பழகிவிட்டது. இங்கே கண்ணாடி ஜன்னல், முழு அகலத்துக்கு. மழை பெய்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் இங்கே மாரி. நீல ஓட்டு வீடுகள், அவற்றுக்கு நடுவே கைக்குட்டை அளவு வயல்கள், வயலுக்குப் பக்கத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கி. நாற்பது நிமிடமும் கண் மூடவில்லை.

நம்பாவில் ஹருயோ என்ற பெண்மணி குடையோடு நின்றார். வாங்குகிற கொம்பனி அனுப்பிய மொழிபெயர்ப்பாளர். நாற்பது வயதிருக்கும். மிலானில் நாலு வருடம் பாட்டுப் படித்தவர். எங்கள் இருவரையும் சிறிது நேரம் கவனமாகக் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மன்னிக்கவேணும், நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது இத்தாலியனா?"

"இவன் கதைக்கிறது சிசிலியன்" என்றார் சால்வோ பெருமையாக. "நான்தான் படிப்பிச்சனான்."

பிற்பகல் 3.00

ஹோட்டல் அறை ஒரு நாளைக்கு 6,800 யென். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் முட்டும். ஆனால் கழிப்பறையில் ஒன்பது பொத்தான். சால்வோவின் அறையிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. எந்தப் பொத்தானை அமத்தினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹருயோ எங்களை ஷித்தென்னோஜி என்ற கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலத்துக்குக் கீழே ரயில். நகரும் படிக்கட்டில் இந்த ஊர்ச் சனங்கள் எல்லாரும் வலது பக்கத்தில் ஒட்டி நிற்கிறார்கள். அவசரக்காரருக்கு இடது பக்கம். சால்வோ நடுவில் நின்றார். அவருக்குப் பின்னால் முப்பது பேர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். பலெர்மோவில் என்றால் அவருடைய தாய் தகப்பன் எல்லாரையும் இழுத்திருப்பார்கள்.

கோயில் ஆயிரத்து நானூறு வருடப் பழசு என்றார் ஹருயோ. ஐந்தடுக்குக் கோபுரம். நான் தூணைத் தட்டிப் பார்த்தேன். சீமெந்து.

"இது புதுசெல்லோ, சிஞோரா?"

"போரில எரிஞ்சு போச்சு. முந்தியும் எத்தனையோ தரம் எரிஞ்சு, விழுந்து, திரும்பக் கட்டினது. கோயில் பழசு. கட்டடம்தான் புதுசு."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பலெர்மோவின் பழைய பகுதியில், அதே போரில் குண்டு விழுந்த வீடுகள் ஐம்பது வருடமாக அப்படியே நிற்கின்றன. கூரை இல்லாத மாளிகைக்குள் அத்திமரம் வளர்ந்திருக்கும், மேல்மாடியில் அரைச் சுவரில் பூப்போட்ட கடதாசி இன்னும் ஒட்டியிருக்கும். அதுவும் ஒரு வகை மரியாதைதான். இங்கே விழுந்தால் அதே அளவில் அதே இடத்தில் எழுப்பிவிடுகிறார்கள். முற்றத்தில் ஒரு பிக்கு, மொட்டைத் தலை, கறுத்த அங்கி, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு போனார். மற்றக் கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து திரும்பி வந்து தோதொன்போரி என்ற கால்வாய்த் தெருவில் நடந்தோம். அந்தத் தெருவை எப்படி எழுதுவது? ஒரு கடைக்கு மேலே லொறி அளவு நண்டு, காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. விளக்குகள் மேலேயும் எரிந்து, மழைத் தண்ணீரில் கீழேயும் எரிகின்றன. இரும்புத் தட்டில் கணவாய் போன்ற ஒரு கடல் மிருகத்தின் துண்டை மாவில் உருட்டிச் சுடுகிறார்கள், எட்டு உருண்டை 300 யென். சால்வோ ஒன்றை வாயில் போட்டு, சூடு தாங்காமல் வாயைத் திறந்துகொண்டே "சின்ன அரன்சினா!" என்று கத்தினார். எங்கள் ஊர்ச் சோற்று உருண்டைப் பொரியலின் பெயர் அது. மிச்ச ஏழையும் அவரே சாப்பிட்டார். எட்டு மணிக்குப் படுத்தோம். சந்தை விடியுமுன் தொடங்குகிறது.

புதன், காலை 4.15

டாக்சிக் கதவு தானாகத் திறந்து தானாகச் சாத்தியது. சாரதி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். சந்தைக்கு இருபது நிமிடம்.

மண்டபம் கால்பந்து மைதானம் போல. ஈரச் சீமெந்துத் தரையில் சூரைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. வால் வெட்டப்பட்டு, வயிறு கீறப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு நம்பர். ஸ்பெயின், அமெரிக்கா, அவுஸ்திரேலியா. உலகம் முழுவதும் சுற்றித் திரிந்தவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மீன்கள் என்னைவிடச் சுற்றியிருக்கின்றன. இறப்பர்ச் சப்பாத்துக்காரர்கள் கையில் சின்ன டோர்ச்சோடு வால் வெட்டைப் பார்த்தார்கள், ஒரு துண்டு கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முக்காலியில் ஏறி மணி அடித்தார். பாட்டா, மந்திரமா, சண்டையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. எல்லாரும் விரல்களை உயர்த்தினார்கள். ஆறு நொடியில் ஒரு மீன் விற்றது. பக்கத்தில் ஒரு பெண் அதைக் கம்பியூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

எங்கள் மீன் நம்பர் 47. நூற்று எண்பத்திரண்டு கிலோ. நான்கு நாளைக்கு முன் பலெர்மோவில் என் கையால் சுத்தம் செய்தது. கத்தி போன கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். அதன் பக்கத்தில் மொரித்தா என்பவர் குந்தியிருந்தார். வாங்குகிற கொம்பனியின் தலைமை வெட்டுக்காரர், அறுபது வயது, கரண்டி போல அகன்ற பெருவிரல். அவர் வயிற்றை இரண்டாக விரித்துக் காட்டினார். உள்ளே, விலா ஓரமாக, இரண்டு விரல் அகலத்துக்கு மாமிசம் வெளிறிக் கிடந்தது, அவித்தது போல. மற்ற இடமெல்லாம் நல்ல சிவப்பு.

உள்ளே ஓர் இடத்தில் இரத்தக் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுக்கோடு அனுப்பியிருக்கிறேனே. பக்கத்துத் தூணில் தரை கழுவுகிற குழாய் தொங்கியது. ஊர்காவற்றுறையில் என் அப்புவோடு கரையில் நின்ற நாளிலிருந்து வந்த பழக்கம். குழாயை இழுத்து, திறந்து, மீனின் வயிற்றுக்குள் பிடித்தேன்.

வரிசை முழுக்கக் கத்தியது. மொரித்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது. குழாயை வாங்கிக் கீழே போட்டார். இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, உப்பும் ஐஸும் கலந்த வாளியில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, இரத்தக் கட்டியை ஒரே தடவையில் துடைத்து எடுத்தார். மற்றவர்களைப் பார்த்தேன். எல்லார் இடுப்பிலும் துணி. தரையில் தண்ணீர் ஓடுகிறது, சப்பாத்தில் ஓடுகிறது. ஆனால் வெட்டிய மாமிசத்தில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர் இல்லை.

சால்வோ அப்போது முக்காலிக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

"என்ன? என்ன நடந்தது?"

ஹருயோ மொரித்தா சொன்னதைச் சொன்னார். "உப்பில்லாத தண்ணி மாமிசத்தில படக் கூடாதாம். பட்டால் வெளிறிப்போகுமாம். உங்கட மீனில பலெர்மோவிலயே தண்ணி பட்டிருக்குதாம்."

சால்வோ தன் நெற்றியில் அடித்தார். "ஐஸ்! நான் அப்பவே சொன்னனான். அந்த அன்ரன் ஐஸை வயித்துக்குள்ள நேரா அடைக்கிறான், அது உருகித் தண்ணி ஆகுது. போன உடன அவனை வெளியில விடுறன்."

நான் கீழே கிடந்த குழாயைச் சுருட்டித் தூணில் மாட்டினேன். அன்ரன் ஐஸைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டித்தான் வைப்பான், எனக்குத் தெரியும். அவன் கைக்கு மீன் வருமுன் மூன்று தரம் குழாய் பிடித்துக் கண்ணாடி மாதிரிக் கழுவுகிறவன் நான். முந்திய வருடங்களில் குழாய் தூரம், கழுவ நேரம் இருக்கவில்லை. இந்த வருடம் புதிய குழாய் பூட்டித் தந்தார் சால்வோ, நானும் சந்தோசமாகக் கழுவினேன். மொரித்தா துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். சால்வோவைப் பார்க்கவில்லை.

பகல் 12.10

சாப்பாட்டுக்கு ஹருயோ கூட்டிக்கொண்டு போன கடையில் மேசையே ஓடியது. நடுவில் சமையல்காரர்கள் நின்று சோற்று உருண்டையில் பச்சை மீன் துண்டு வைத்துத் தட்டில் போட, அது பட்டியில் ஏறி எல்லாருக்கும் முன்னால் சுற்றி வருகிறது. வேண்டியதை எடுக்கலாம், தட்டு ஒன்று 130 யென், முடிவில் தட்டை எண்ணிக் காசு.

"கிருபா, பார், என்ர மீன் ரயிலில போகுது!" சால்வோ எழுந்து நின்றுவிட்டார். பச்சை மீன் தின்னமாட்டேன் என்று வந்தவர், பதினொரு தட்டு அடுக்கினார். கடையில் இருந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அவருக்காக எண்ணினார்கள்.

நான் மூன்று தட்டோடு நிறுத்தினேன். மனதில் அன்ரன் இருந்தான். அவனுக்கு ஐஸ் வேலை போனால் வேறு வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நான் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், பையில் இருக்கிற கடதாசி வெறும் கடதாசி ஆகும். ராணியும் மகளும் இன்னும் எத்தனை வருடம் லொட்ஜில்?

பிற்பகல் 3.20

நம்பாவில் ஒரு கூரை போட்ட தெருவுக்குள் வெளிநாட்டுக்குப் பேசுகிற சாம்பல் நிறத் தொலைபேசி இருந்தது. ஆயிரம் யென் அட்டை வாங்கிப் போட்டேன். கொழும்பில் அப்போது பகல். லொட்ஜ்காரர் ராணியைக் கூப்பிட்டு வருவதற்குள் அட்டையில் கால்வாசி போய்விட்டது.

"ஆர், இவரே? ஜப்பானில இருந்தே கதைக்கிறீங்கள்? குளிரே அங்கை?"

"மழை. இஞ்சை பார் ராணி, பிழை என்னிலதான். மீனைத் தண்ணியில கழுவினது கூடாதாம்."

"மீனைக் கழுவாமல்?" அவள் குரல் உயர்ந்தது. "சீ! கழுவாமல் ஆர் தின்னுவினம்? நான்தானே உங்களுக்கு மூண்டு தரம் கழுவச் சொல்லிப் பழக்கினனான்."

"ஓம். அதை ஜப்பான்காரனுக்குச் சொல்லட்டே?"

சிரித்தாள். பிறகு நான் மிச்சத்தையும் சொன்னேன், அன்ரனைப் பற்றி. அட்டையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் மகள் யாரோடோ சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லாட்டி என்ன நடக்கும்?"

"அன்ரன் போவான். நான் கழுவுறதை நிப்பாட்டினால் மீன் நல்லா வரும். எல்லாரும் அன்ரனிலதான் பிழை எண்டு நினைப்பினம்."

"அந்தப் பெடியனோடை ஒரே அறையில படுத்து எழும்ப உங்களால ஏலுமே?"

"ஏலாது."

"பேந்தென்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறீங்கள், காசைக் கரைச்சுக்கொண்டு?"

அட்டை முடிந்தது.

அங்கிருந்து பத்து அடி அகலமே இருக்கிற ஒரு சந்துக்குள் திரும்பினேன். கல் பதித்த தரை, சிவப்புக் காகித விளக்குகள். ஹோசென்ஜி என்ற சின்னக் கோயில். இருபக்கமும் மதுக்கடை, சாப்பாட்டுக் கடை, நடுவில் சாமி. முகம் தெரியவில்லை, உடம்பு முழுக்கப் பாசி, தடித்த பச்சைக் கம்பளம் மாதிரி. வருகிற ஒவ்வொருவரும் அகப்பையில் தண்ணீர் மொண்டு அதன் மேல் ஊற்றிவிட்டுக் கும்பிடுகிறார்கள். கோட்டும் ரையும் போட்ட கந்தோர்க்காரர் ஒருவர் ஊற்றினார். உதடு சிவக்கச் சாயம் பூசி, தலைமயிரை மஞ்சளாக்கிய இரண்டு பெட்டைகள் ஊற்றினார்கள். மீன் மேல் ஒரு சொட்டு விடாத சனம், சாமியைத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறது.

நான் வேதக்காரன், கத்தோலிக்கன். ஆனால் பலெர்மோவில் எங்கள் சைவ ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்த ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறார்கள், அந்தப் புனிதை ஒருநாளும் கோபித்ததில்லை. நானும் அகப்பையை எடுத்தேன். கழுவியே பழகிய கை. மூன்று தரம் ஊற்றினேன்.

மாலை 5.30

சந்தைக்காரர்கள் நேரத்தோடு சாப்பிட்டு நேரத்தோடு படுக்கிறவர்கள். மொரித்தா எங்களைச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு சின்னக் கடைக்குக் கூப்பிட்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். சால்வோவுக்குக் கால் மடிக்க வரவில்லை, மேசைக்கடியில் நீட்டிக்கொண்டார். இரண்டு கிண்ணம் சோற்றுச் சாராயம் உள்ளே போனதும் அன்ரனை என்ன சொல்லி வெளியே விடுவது என்று எனக்கு விளக்கத் தொடங்கினார்.

"சிஞோர்" என்றேன். "அன்ரன் இல்லை. நான்."

"என்ன நீ?"

"ஐஸைப் பையில கட்டித்தான் அவன் போடுறவன். வயித்தைக் குழாயில கழுவுறது நான். ஒவ்வொரு மீனும் மூண்டு தரம்."

அவர் கிண்ணத்தை வைத்தார்.

"நான் பூட்டின குழாயிலயா?"

"ஓம், சிஞோர்."

"இந்த வருசம் முழுக்க?"

"ஓம்."

"நான் இவனுக்கு மீனை வெட்டக் காசு குடுக்கிறன்" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார், "இவன் என்ர மீனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறான்! பேரும் வைச்சனியா? ஜுசெப்பே, மரியா எண்டு?"

ஹருயோ அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, மொரித்தா சாராயம் புரைக்கேறி இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஏதோ சொன்னார். ஹருயோ என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவருக்குக் காலமையே தெரியுமாம். நீங்கள் குழாய் எடுத்த விதத்திலயே விளங்கிப்போச்சாம். காரணம் தெரியாத பிழையோட தன்னால வாங்க ஏலாது, தெரிஞ்ச பிழையெண்டால் வாங்கலாமாம். இன்னும் மூண்டு மீன் அனுப்புங்கோ, பாப்பம் எண்டுறார். ஆனால் துடைக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம்."

"துடைக்கத் தெரிஞ்ச ஆளை எங்கை தேடுறது?" என்றார் சால்வோ. என் முகத்தைப் பார்க்கவில்லை. "கத்தியை இனி நீ தொடாதே." பிறகு சோற்றைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். கடதாசியைப் பற்றி நான் கேட்கவில்லை. மேசையில் பொலித்தீன் உறையோடு எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். எழும்பும் போது அவர் அதைத் தன் மழைக்கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். கிழிப்பதற்கோ என்னவோ.

நான் ஹருயோவிடம் சொன்னேன். "விமானம் நாளைக்கு மத்தியானம்தானே. காலமை நான் சந்தையில துடைக்கலாமோ எண்டு கேளுங்கோ. சம்பளம் வேண்டாம்."

கேட்டார். மொரித்தா தன் இடுப்பில் கிடந்த துணியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

வியாழன், காலை 4.00

மண்டபத்தில் கீழ்மட்ட வேலை இதுதான். பதினேழு, பதினெட்டு வயதில் வருகிறவர்கள் இரண்டு வருடம் இதைச் செய்த பிறகுதான் கத்தியைத் தொடலாமாம். எனக்கு முப்பத்தெட்டு. இறப்பர்ச் சப்பாத்து ஒரு இலக்கம் சின்னது, பெருவிரல் மடங்கிக் கிடந்தது. உப்பு ஐஸ் வாளியில் கை விட்ட முதல் ஐந்து நிமிடம் எலும்பு வரைக்கும் வலித்தது, பிறகு கை இருக்கிறதே தெரியவில்லை. அந்தக் குளிர்ப்பெட்டி லொறியை விட இது சுகம்.

நனை, பிழி, துடை. ஒரே திசையில், தலையிலிருந்து வால் பக்கம். துணி சிவந்தால் மடிப்பை மாற்று. மூன்று மடிப்பும் சிவந்தால் வாளி. மணி அடிக்குமுன் முப்பத்தொரு மீன் முடிக்க வேண்டும். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. பலெர்மோவில் நாங்கள் வேலை செய்வது பாட்டும் ஏச்சும் சிகரெட்டுமாக. எவன் என்ன செய்கிறான் என்று பார்க்க ஒருவனுக்கும் நேரமில்லை. அதனால்தான் நான் ஒரு பருவம் முழுக்க உற்சாகமாகப் பிழை விட முடிந்தது. இங்கே ஒரு சத்தமில்லை, ஆனால் பத்துப் பேர் என் கையைப் பார்த்துக்கொண்டே தங்கள் வேலையைச் செய்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. விமானம் இல்லாவிட்டால் இன்னொரு மாதம் நின்றிருப்பேன்.

பத்தொன்பதாவது மீனில் மொரித்தா வந்தார். வயிற்றுக்குள் அந்த அகன்ற பெருவிரலை வைத்து அழுத்தி, எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அடுத்த வரிசைக்குப் போனார்.

அவர் விலகிய இடத்தில் சால்வோ நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ஈரத் தரையில் படாமல் ஒரு பெட்டிக்கு மேல் ஏறி நின்றுகொண்டு, மழைக்கோட்டுக்குள்ளிருந்து கடதாசியை எடுத்து, இரண்டு விரலால் நுனியில் பிடித்துக் காட்டினார். கீழே அவருடைய கையெழுத்து, பெரிய எழுத்தில், மை இன்னும் மினுங்கியது.

"ஈரக் கையால தொடாதே" என்றார். "துடைச்சுப்போட்டு வந்து வாங்கு."

"இன்னும் பன்னிரண்டு மீன் கிடக்கு, சிஞோர்" என்றேன். துணியைப் பிழிந்துகொண்டு அடுத்ததின் வயிற்றை விரித்தேன்.